வரப்புப் புல்லும் நாவாய்ப்பூச்சியும்

நெல் பூத்துப் பால் பிடிக்கும் நாட்களில், வெயில் ஏறுவதற்கு முன் வயல் வரப்பில் நடந்து பாருங்கள். கதிர்களைக் கையால் மெல்லத் தட்டினால், மெலிந்து நீண்ட பச்சை நிறப் பூச்சிகள் சில எழுந்து பறக்கும். கூடவே மூக்கைச் சுளிக்க வைக்கும் ஒரு நாற்றமும் எழும். வயலில் வேலை செய்பவர்களுக்கு இந்த நாற்றம் நன்கு பழக்கமானது. கதிர் நாவாய்ப்பூச்சி வந்துவிட்டது என்று அவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள்.

'வந்துவிட்டது' என்ற சொல்லைச் சற்றே கவனியுங்கள். இரண்டு வாரங்களுக்கு முன் அதே வயலில் தாள்களும் தோகைகளும் மட்டுமே இருந்தன. இந்தப் பூச்சியைத் தேடினாலும் ஒன்றிரண்டு கிடைப்பதே அரிது. கதிர் வெளிவந்ததும் எங்கிருந்து வந்தது? அறுவடைக்குப் பின் எங்கே போகும்? நெல் இல்லாத மாதங்களில் எதைத் தின்று உயிர் வாழும்?

இந்தக் கேள்விகளுக்கு விடை வயலுக்குள் இல்லை; வரப்பில் இருக்கிறது. நெல்லின் பகைவன் என்று நாம் பெயர் சூட்டியிருக்கும் இந்தப் பூச்சி, உண்மையில் புல்லில் வாழும் ஒரு பூச்சி. நெல்லும் ஒரு புல்வகைதானே! அதன் நோக்கில் நெல்வயல் என்பது ஆண்டில் சில நாட்களே நடக்கும் விருந்துப் பந்தல்; நிலையான வீடு புல்தான்.

யார் இந்தப் பூச்சி?

இதன் விஞ்ஞானப் பெயர் லெப்டோகொரைசா அக்யூட்டா. ஸ்வீடன் நாட்டுத் தாவரவியல் அறிஞர் துன்பெர்க் 1783-ஆம் ஆண்டில் இதை விவரித்து எழுதினார். 'லெப்டோஸ்' என்றால் கிரேக்க மொழியில் மெலிந்தது என்று பொருள். 'கோரிஸ்' என்றால் மூட்டைப்பூச்சி. மெலிந்த மூட்டைப்பூச்சி! பெயர் பொருத்தமானதே. நம் கட்டிலில் இருந்து இரத்தம் குடிக்கும் மூட்டைப்பூச்சிக்கும் இதற்கும் தூரத்து உறவு உண்டு. இரண்டும் ஹெமிப்டெரா என்னும் வரிசையைச் சேர்ந்தவை. 'ஹெமிப்டெரா' என்பதற்கு 'அரைச் சிறகி' என்று பொருள் கொள்ளலாம். நாவாய்ப்பூச்சியின் முன்சிறகைப் பாருங்கள்: உடலை ஒட்டிய பாதி தோல்போல் தடித்தும், நுனிப் பாதி மெல்லிய சவ்வாகவும் இருக்கும்.

வளர்ந்த பூச்சியின் நீளம் ஏறத்தாழ ஒன்றரைச் சென்டிமீட்டர். அகலமோ 3 அல்லது 4 மில்லிமீட்டர்தான். நீண்ட கால்கள், நீண்ட உணர்கொம்புகள், மஞ்சள் கலந்த பச்சை அல்லது பழுப்பு நிறம். புல் தாளின்மீது கால்களை ஒடுக்கிக்கொண்டு அமர்ந்துவிட்டால் பூச்சி எது, புல் எது என்று பிரித்துச் சொல்வது கடினம். அப்படியும் பகைவன் கண்டுபிடித்துவிட்டால், உடலில் உள்ள சுரப்பிகளிலிருந்து நாற்றத் திரவத்தை வெளியிடும். நாம் மூக்கைப் பிடிப்பது அதனால்தான்.

உறிஞ்சுகுழலும் பால் மணியும்

இந்தப் பூச்சிக்குக் கடித்து மெல்லும் வாய் இல்லை. ஊசி போன்ற வாயே உண்டு. மயிரிழையினும் மெலிந்த நான்கு ஊசிகள் ஒன்றோடொன்று பொருந்தி ஒரே ஊசிபோல் அமைந்திருக்கின்றன. அதனுள் இரண்டு வழிகள். ஒன்றின் வழியே உமிழ்நீர் உள்ளே போகும். மற்றொன்றின் வழியே உணவு மேலே வரும். தலைக்குள் இருக்கும் தசைப் பம்பு ஒன்று உணவை உறிஞ்சும்.

நெல்மணியைப் போர்த்தியிருக்கும் உமி இரண்டு ஓடுகளால் ஆனது. பூச்சி கெட்டியான உமியைத் துளைத்துச் சிரமப்படுவதில்லை. இரண்டு ஓடுகளும் சேரும் விளிம்பில் இருக்கும் மெல்லிய இடுக்கு வழியாக ஊசியைச் செலுத்திவிடுகிறது.

இங்கே ஓர் இயற்பியல் விதி குறுக்கிடுகிறது. மெல்லிய குழாய்களில் திரவம் எவ்வாறு ஓடுகிறது என்பதைப் பிரெஞ்சு மருத்துவர் புவாசேய் 1840-ஆம் ஆண்டையொட்டி ஆராய்ந்து கூறினார். இரத்த நாளங்களில் இரத்த ஓட்டத்தைப் புரிந்துகொள்வதே அவர் நோக்கம். அவர் கண்ட விதி இது: அழுத்தமும் குழாயின் நீளமும் மாறாதிருக்க, குழாயின் ஆரம் பாதியானால் ஓட்டம் பதினாறில் ஒரு பங்காகக் குறையும். அதேபோல், திரவத்தின் பாகுநிலை இருமடங்கானால் ஓட்டம் பாதியாகும்.

இதை வீட்டிலேயே சோதிக்கலாம். இளநீர் குடிக்கும் உறிஞ்சுகுழலால் நீர்மோரைக் குடித்துப் பாருங்கள். பிறகு அதே குழலால் கேழ்வரகுக் கூழைக் குடிக்க முயலுங்கள். கன்னம் வலிக்கும், கூழ் வாய்க்கு வந்து சேராது. தலைமயிரின் பருமனையும் விடக் குறுகிய வழியில் உறிஞ்ச வேண்டிய பூச்சியின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

நெல்மணியும் மோரிலிருந்து கூழாகவும், கூழிலிருந்து கல்லாகவும் மாறும் பொருள்தான். பூத்த ஒரு வாரத்தில் மணிக்குள் வெண்மையான பால் நிரம்பும். விரலால் நசுக்கினால் அது வெளியே வரும். அடுத்த ஒரு வாரத்தில் மாவுச்சத்து திரண்டு பால் குழம்பாகும், பின் மாவாகும், பின் இறுகி அரிசியாகும். குழம்பாகத் தொடங்கிய பிறகும் பூச்சி முற்றாகத் தோற்றுவிடுவதில்லை. உமிழ்நீரைச் செலுத்தி, அதிலுள்ள நொதிகளால் மாவைக் கரைத்து உறிஞ்சுகிறது. ஆயினும் மணி இறுக இறுக அதன் வேலை கடினமாகிறது. முற்றிய மணியால் அதற்குப் பயனில்லை.

பால் பருவத்தில் உறிஞ்சப்பட்ட மணி பதராகிறது. சற்று முற்றிய பிறகு உறிஞ்சப்பட்ட மணி அரிசியாகும். ஆனால் அதில் கறுப்பு அல்லது பழுப்புக் கறை விழும். அரைக்கும்போது அது எளிதில் உடைந்து நொய்யாகும். உழவருக்கு முதலாவதில் எடை போகிறது. இரண்டாவதில் விலை போகிறது.

முட்டை முதல் சிறகு வரை

தாய்ப்பூச்சி தோகையின் மேற்பரப்பில், நடுநரம்பை ஒட்டி, வரிசையாக முட்டையிடும். ஒரு தடவைக்குப் பத்து முதல் இருபது முட்டைகள். ஒவ்வொன்றும் சிறு தட்டுபோல் இருக்கும். முதலில் வெளிறிய நிறமாகவும், பிறகு கருஞ்சிவப்பாகவும் மாறும். ஏறக்குறைய ஒரு வாரத்தில் முட்டை பொரியும்.

வெளிவருவது புழுவன்று. இதை நன்றாக நினைவில் கொள்ளுங்கள். வண்ணத்துப்பூச்சியின் வாழ்க்கையில் முட்டை, புழு, கூட்டுப்புழு, சிறகுள்ள பூச்சி என நான்கு நிலைகள் உண்டு. நாவாய்ப்பூச்சிக்குக் கூட்டுப்புழு நிலையே இல்லை. முட்டையிலிருந்து வரும் குஞ்சு, தாயைப் போலவே மெலிந்து, வெளிர்பச்சையாக, சிறகு மட்டும் இன்றி இருக்கும். இதனைக் குறை உருமாற்றம் என்பர்.

குஞ்சு ஐந்து முறை தோலுரித்து வளரும். சிறகு மொட்டுகள் சிறிது சிறிதாக வெளியே தெரியும். ஐந்தாம் முறை தோலுரித்ததும் முழுச் சிறகுடன் பூச்சி வெளிப்படும். இதற்கு ஏறக்குறைய மூன்று வாரங்கள் ஆகும். வெப்பம் கூடினால் நாட்கள் சற்றுக் குறையும், குளிர்ந்தால் கூடும். வளர்ந்த பூச்சி ஒரு மாதம் முதல் மூன்று மாதம் வரை உயிரோடிருக்கும்.

குஞ்சும் தாயும் ஒரே உணவையே தேடுகின்றன. மணி கிடைக்காதபோது இளந்தண்டு, கதிர்க்காம்பு ஆகியவற்றின் சாற்றை உறிஞ்சுவது உண்டு. ஆனால் குஞ்சு நன்கு வளர்ந்து சிறகு பெற வேண்டுமானால் பால் மணி வேண்டும்.

ஒரு சிறு கணக்கு

இப்போது காகிதத்தையும் பென்சிலையும் எடுங்கள். நெல் பூத்த நாளை 0 என்று வைத்துக்கொள்வோம். 7-ஆம் நாளையொட்டிப் பால் பிடிக்கும். 14-ஆம் நாளுக்குமேல் பால் இறுகும். 30-ஆம் நாளையொட்டி அறுவடை. ஒரு வயலில் எல்லாக் கதிர்களும் ஒரே நாளில் பூப்பதில்லை என்பதால், வயல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால் பால் கிடைக்கும் காலம் இரண்டு வாரத்திற்குச் சற்று மேல் எனலாம்.

பூச்சிக்கோ, முட்டையிலிருந்து சிறகு முளைக்க 7 நாளும் 21 நாளும் சேர்ந்து 28 நாட்கள் தேவை.

பூத்த அன்றே ஒரு தாய் வந்து முட்டையிடுகிறது என்று கொள்வோம். 7-ஆம் நாள் குஞ்சுகள் பிறக்கும். பாலும் அன்றுதான் பிடிக்கும். எவ்வளவு பொருத்தம்! ஆனால் அந்தக் குஞ்சுகள் சிறகு பெறும் 28-ஆம் நாளில் வயல் பொன்னிறமாகிவிடும். அவற்றின் பிள்ளைகளுக்கு அந்த வயலில் ஒரு துளிப் பாலும் இராது.

தாய் 10-ஆம் நாள் வந்தால்? குஞ்சுகள் 17-ஆம் நாள் பிறக்கும். 38-ஆம் நாள்தான் சிறகு முளைக்கும். அதற்குள் அறுவடை முடிந்துவிடும். சிறகில்லாத குஞ்சால் பறந்து தப்பவும் முடியாது.

இந்தக் கணக்கு நமக்கு என்ன சொல்கிறது? ஒரே நாளில் நட்ட வயல்வெளி, ஒரு தலைமுறை நாவாய்ப்பூச்சியை வளர்ப்பதே அரிது; இரண்டாம் தலைமுறையை வளர்க்கவே முடியாது. அப்படியானால் பூச்சி எப்படிப் பெருகுகிறது? ஒரு வயலின் பால் வற்றும்போது பக்கத்தில் வேறு எங்கோ பால் ஊறுகிறது என்பதே விடை.

அந்த 'வேறு எங்கோ' இரண்டு வகைப்படும். முதலாவது, பக்கத்து வயல். நீர் கிடைப்பதைப் பொறுத்து ஒரே ஊரில் ஒருவர் முன்னும் மற்றவர் மூன்று வாரம் பின்னும் நடுகிறார்கள். காவிரிப் படுகையில் குறுவை, சம்பா, தாளடி எனப் பட்டங்கள் அடுத்தடுத்து வருகின்றன. முதல் வயலில் பிறந்த பூச்சிகள் கடைசி வயலில் வந்து இறங்கும். எல்லோரையும் விடத் தாமதமாகப் பூக்கும் வயலுக்கு ஆபத்து அதிகம். ஒரு பகுதியில் உள்ளவர்கள் எல்லாரும் கூடிப் பேசி, ஒரே சமயத்தில் நடுவது நல்லது என்று வேளாண் அறிஞர்கள் கூறுவது இதனால்தான்.

இரண்டாவது இடம், புல்.

புல்லே வீடு

வரப்பு, வாய்க்கால் கரை, தரிசு, ஏரிக்கரை, சாலையோரம் என எங்கும் புல் வளர்கிறது. குதிரைவாலிப் புல்லைப் போன்ற பல புற்கள் கதிர்விட்டு மணி பிடிப்பவை. நெல்மணியைப்போலவே அந்தச் சிறு மணிகளும் முதலில் பாலாக இருந்து பிறகு இறுகுகின்றன. தினை, சாமை, வரகு ஆகிய சிறுதானியங்களின் கதிரிலும் இந்தப் பூச்சி பாலைக் குடிக்கும். ஒரு புல் முற்றும்போது மற்றொரு புல் பூக்கும். மழைக்காலத்தில் இந்தச் சங்கிலி அறுபடுவதே இல்லை.

புல் உணவு மட்டுமன்று, நிழலும்கூட. நாவாய்ப்பூச்சி காலையிலும் மாலையிலும்தான் கதிர்களில் சுறுசுறுப்பாக மேயும். உச்சி வெயிலில் புல் அடர்ந்த குளிர்ந்த இடத்தில் ஒதுங்கிவிடும். நண்பகலில் வயலைப் பார்த்துவிட்டு, பூச்சி இல்லை என்று முடிவு கட்டினால் ஏமாந்துபோவோம்.

கோடையில் புல்லும் கதிர்விடாமல் காயும்போது, வளர்ந்த பூச்சிகள் நிழலான புற்களிலும் புதர்களிலும் அடங்கிக் காத்திருக்கும். மழை வந்து புல் கதிர்விட்டதும் மீண்டும் இனப்பெருக்கம் தொடங்கும். அந்தப் புல்லில் ஒரு தலைமுறை பெருகி முடிக்கும் வேளையில் நெல் பூக்கிறது. நம் கண்ணுக்குத் திடீரென்று வந்ததாகத் தோன்றும் கூட்டம், பல வாரங்களாக வரப்பிலேயே வளர்ந்து வந்த கூட்டம்தான்.

ஜப்பான் தரும் பாடம்

புல்லில் வளர்ந்து நெல்லுக்கு வரும் பூச்சிகள் நம் நாட்டில் மட்டும் இல்லை. ஜப்பானில் மிரிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்த இரு சிறு பூச்சிகள் உண்டு. டிரிகோனோடைலஸ், ஸ்டெனோட்டஸ் என்பன அவற்றின் பேரினப் பெயர்கள். அரைச் சென்டிமீட்டர் நீளம்கூட எட்டுமோ என்னும்படி சிறியவை. வரப்புப் புல்லிலும் தரிசு வயல்களிலும் பெருகி, நெல் கதிர்விடும்போது வயலுக்குள் நுழைந்து மணியில் கறை ஏற்படுத்துகின்றன. 1970-களில் தொடங்கி, நெல் உற்பத்தியைக் குறைப்பதற்காக அங்கே பல வயல்கள் நெல் பயிரிடாமல் விடப்பட்டன. அந்த இடங்களில் வளர்ந்த புல் இப்பூச்சிகளுக்கு வசதியான வீடாயிற்று. அங்கு முதல்தர அரிசியில் கறைபட்ட மணி ஆயிரத்துக்கு ஒன்றுக்கு மேல் இருக்கக்கூடாது என்று விதி வகுத்திருந்ததால், சிறு பூச்சி பெரிய கவலையாகிவிட்டது.

அங்குள்ள அறிஞர்கள் உழவர்களுக்குச் சொன்ன அறிவுரை கவனிக்கத்தக்கது. வரப்புப் புல்லை அறுங்கள். ஆனால் நெல் கதிர்விடுவதற்குப் பத்து, பதினைந்து நாட்கள் முன்னதாகவே அறுத்து முடித்துவிடுங்கள். நெல் கதிர்விடும்போது அறுக்காதீர்கள். ஏன்? அந்த நேரத்தில் புல்லை அறுத்தால், வீடிழந்த பூச்சிகள் அனைத்தும் நேரே நெற்கதிருக்குத் தாவிவிடும். ஒரே அரிவாள்தான், ஒரே புல்தான். நாள் மாறினால் நன்மையே தீமையாகிவிடுகிறது.

புல்லைப் பகைக்கலாமா?

அப்படியானால் வரப்பில் புல்லே இல்லாமல் செதுக்கிவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். அவசரப்பட வேண்டாம். அதே புல்லில்தான் நாவாய்ப்பூச்சியின் பகைவர்களும் குடியிருக்கின்றன. அதன் முட்டைகளுக்குள் தன் முட்டையை இட்டு அழிக்கும் மிகச்சிறு குளவிகள் உண்டு. முட்டைகளைத் தின்னும் நீள்கொம்பு வெட்டுக்கிளிகள் உண்டு. குஞ்சுகளையும் வளர்ந்த பூச்சிகளையும் பிடிக்கும் சிலந்திகள் உண்டு. இவை தவிர, வரப்பின் மண்ணை மழையில் கரையாமல் பிடித்து வைப்பதும் புல்தான். மாட்டுக்குத் தீவனமும் அதுவே.

நாவாய்ப்பூச்சி தேடுவது புல்லின் இலையை அன்று, அதன் பால் மணியை. சிலந்திக்கோ மணி தேவையில்லை. தாளும் இலையும் இருந்தால் போதும். ஆகவே புல்லை வேரோடு ஒழிக்க வேண்டாம். கதிர்விடுமுன் அறுத்துக்கொண்டே இருந்தால் போதும். பூச்சிக்கு உணவு இல்லை. அதன் பகைவர்களுக்கு வீடு உண்டு. நம் கணக்கிலிருந்து கிடைக்கும் விடை இதுதான்.

எண்ணிய பிறகே மருந்து

நாற்றம் அடித்ததுமே மருந்துத் தெளிப்பானைத் தோளில் மாட்டுபவர்கள் உண்டு. பால் பருவத்தில் தெளிக்கும் மருந்துக்கும் அறுவடைக்கும் இடையே இரண்டு, மூன்று வாரங்களே இருக்கின்றன. தெளிக்கும் நஞ்சு சிறு குளவிகளையும் சிலந்திகளையும் கொல்கிறது, பணமும் செலவாகிறது. நாற்றம் பெரிதாக இருப்பதால் சேதமும் பெரிதாகத்தான் இருக்கும் என்பதில்லை. மேலும், பதர் எல்லாவற்றுக்கும் இந்தப் பூச்சியே காரணம் என்றும் சொல்ல முடியாது. பூக்கும்போது நீர்ப் பற்றாக்குறை ஏற்பட்டாலும் மகரந்தச் சேர்க்கை கெட்டாலும் பதர் உண்டாகும்.

எனவே முதலில் எண்ண வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு ஓர் அளவுகோல் தந்திருக்கிறது. பூக்கும் பருவத்தில் 100 கதிர்களுக்கு 5 பூச்சிகள். பால் பிடித்தது முதல் மணி முற்றும் வரை 100 கதிர்களுக்கு 16 பூச்சிகள். இந்த எண்ணிக்கையை எட்டினால்தான் மருந்தைப் பற்றி யோசிக்க வேண்டும். பூக்கும்போது அளவு ஏன் இவ்வளவு குறைவு? நம் கணக்கை நினைத்துப் பாருங்கள். பூத்த நாளில் வந்த தாயின் குஞ்சுகளுக்குத்தான் பால் முழுமையாகக் கிடைக்கிறது. அன்று வந்த 5 பூச்சிகள், பத்து நாள் கழித்து வந்த 5 பூச்சிகளைவிட அதிகக் கேடு செய்ய வல்லவை.

உயிரியலும் இயற்பியலும் கணக்கும் வேறுவேறு பாடப் புத்தகங்களில் இருக்கின்றன. வரப்பில் அவை ஒன்றாகவே இருக்கின்றன.

நீங்களே செய்து பாருங்கள்

கிராமத்தில் இருக்கும் மாணவர்கள் இதை ஒரு விடுமுறைப் பணியாக எடுத்துக்கொள்ளலாம். நான்கைந்து பேர் சேர்ந்தால் இன்னும் நல்லது. ஒரு குறிப்பேட்டில் வாரம் ஒருமுறை மூன்று செய்திகளைக் குறியுங்கள்.

1. வரப்பிலும் வாய்க்கால் கரையிலும் எந்தெந்தப் புற்கள் கதிர்விட்டிருக்கின்றன? மணியை நசுக்கிப் பாருங்கள்: பாலா, மாவா, கெட்டியா?

2. ஊரில் எந்த வயல் எந்த வாரம் பூக்கிறது?

3. காலை 8 மணிக்கு முன், புல்லில் 100 கதிர்களிலும் நெல்லில் 100 கதிர்களிலும் எத்தனை நாவாய்ப்பூச்சிகள் உள்ளன? குஞ்சுகளைத் தனியாகவும் சிறகு முளைத்தவற்றைத் தனியாகவும் எண்ணுங்கள்.

வயலுக்கு உரியவரிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, வரப்பில் நின்றே எண்ணுங்கள், கதிர்களை மிதிக்காதீர்கள். மருந்து தெளித்த வயலுக்குள் போகாதீர்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவுங்கள்.

மூன்று மாதக் குறிப்புகளை வரைபடத் தாளில் குறித்துப் பாருங்கள். உங்கள் ஊரில் பால் எங்கிருந்து எங்கே போகிறது, பூச்சி அதைத் தொடர்ந்து எப்படிப் போகிறது என்பது கோடுகளாகத் தெரியும். எந்த வாரத்தில் புல் அறுத்தால் அந்தக் கோடு அறுபடும் என்பதும் தெரியும். அந்தத் தாளை வீட்டில் உள்ள பெரியவர்களிடமும் உங்கள் பகுதி வேளாண்மை அலுவலரிடமும் காட்டுங்கள். ஒரு தடவை மருந்து தெளிக்கும் செலவை அது மிச்சப்படுத்தினால், நீங்கள் எண்ணியது வீண்போகவில்லை.